தர்மசாலாவிலிருந்து லாசாவுக்கு: அந்த நடைபயணம் எங்கே நின்றது?

கேள்வி இது: "2008-ல் திபெத்திய அகதிகள் தர்மசாலாவிலிருந்து திபெத்துக்கு நடந்தே போகிறோம் என்று கிளம்பினார்களாமே, போய்ச் சேர்ந்தார்களா? சேர முடியாது என்று தெரிந்தே கிளம்பினார்கள் என்றால் அது வெறும் விளம்பரம்தானே?"

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. போய்ச் சேரவில்லை. முதலில் கிளம்பிய குழு நான்காம் நாளே, தலாய் லாமா வாழும் தர்மசாலா இருக்கிற அதே காங்க்ரா மாவட்டத்துக்குள்ளேயே (இமாச்சலப் பிரதேசம்) கைதானது. அடுத்துக் கிளம்பிய குழு ஏறத்தாழ மூன்று மாதம் நடந்து உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டம் வரை போனது. அங்கே அதையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு முறையும் நிறுத்தியது இந்தியக் காவல்துறை. சீனச் சிப்பாய் ஒருவரையும் அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதிதான் எனக்கு உறுத்துகிறது. விளம்பரத்துக்காகவே நடந்த திபெத்திய நடைகளும் உண்டு. அவற்றை நடத்தியவர்களே "உலகுக்குத் தெரியப்படுத்த நடக்கிறோம்" என்றுதான் சொன்னார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2008-ல் கிளம்பியவர்கள் சொன்னது வேறு: "வீட்டுக்குப் போகிறோம்." நாம் இரண்டையும் நடைபயணம் என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். காவல்துறை அப்படிப் போடவில்லை. அதற்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருந்தது.

அவர்கள் கிளம்பிய தேதியைப் பாருங்கள். மார்ச் 10. 1959-ல் அதே நாளில்தான் திபெத்தின் தலைநகரான லாசாவின் மக்கள், தலாய் லாமா இருந்த நோர்புலிங்கா அரண்மனையைச் சூழ்ந்துகொண்டார்கள். சீன ராணுவத் தலைமையகத்தில் நடக்கும் கலை நிகழ்ச்சிக்கு மெய்க்காவலர் இல்லாமல் வரும்படி தலாய் லாமாவுக்கு அழைப்பு வந்திருந்தது. அவரைக் கடத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் ஜனங்கள் வாசலை அடைத்து நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, மார்ச் 17 இரவில், 23 வயதுத் தலாய் லாமா சாதாரணச் சிப்பாய் வேடத்தில் வெளியேறினார். மலைகளைத் தாண்டி மார்ச் 31 அன்று தவாங் பக்கமாக இந்தியாவுக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் பல்லாயிரம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் நடந்து.

ஊட்டியில் தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் ஸ்வெட்டர் கடைகள் உண்டல்லவா, அங்கே ஒரு முறை கம்பளிச் சால்வைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது கடைக்கார அம்மாளிடம் உங்கள் வீட்டில் எப்படி இந்தியாவுக்கு வந்தார்கள் என்று கேட்டேன். "நடந்துதான். வேறு எப்படி?" என்றார், தெளிவான தமிழில். பிறகு சால்வைக்குச் சொன்ன விலையிலிருந்து ஒரு ரூபாய் கூடக் குறைக்கவில்லை.

அந்தப் பதில்தான் 2008 நடைக்கு வேர். நாடு கடந்து வாழும் திபெத்தியர் குடும்பங்களில் மூத்தவர் யாராவது ஒருவர் காலால் வந்தவராக இருப்பார். அந்த வழியிலேயே திரும்பி நடப்போம் என்பதற்கு அவர்களிடையே விளக்கம் தேவைப்படவில்லை. நடை அவர்களுக்கு வழிபாடும்கூட. கைலாயத்தை ஒரு சுற்று சுற்ற ஏறத்தாழ 52 கிலோமீட்டர். அதையே சிலர் விழுந்து வணங்கி, உடல் நீளத்தை அளந்து, எழுந்து, மறுபடி விழுந்து முடிக்கிறார்கள். உள்ளங்கையில் மரக்கட்டை, முன்னால் தோல் விரிப்பு, நெற்றியில் தழும்பு. நம் ஊரில் அங்கப்பிரதட்சிணம் கோயில் பிராகாரத்தோடு முடிகிறது. அங்கே அது ஊர் விட்டு ஊர், மாதக்கணக்கில் நீள்கிறது. இப்படிப்பட்டவர்களிடம் போய் "ஆறு மாத நடை, முடியுமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஆறு மாதம் என்பதுதான் திட்டம். 2008 ஆகஸ்ட் 8 அன்று பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தொடங்க இருந்தது. உலகத்தின் கண் சீனா மேல் இருக்கும் ஆண்டு. திபெத்திய இளைஞர் காங்கிரஸ், திபெத்திய மகளிர் சங்கம், முன்னாள் அரசியல் கைதிகளின் அமைப்பான கு-சு-சும், திபெத் தேசிய ஜனநாயகக் கட்சி, சுதந்திரத் திபெத்துக்கான மாணவர் அமைப்பின் இந்தியக் கிளை ஆகிய ஐந்தும் சேர்ந்து 'திபெத்திய மக்கள் எழுச்சி இயக்கம்' என்ற பெயரில் இந்த நடையை அறிவித்தன. நூறு பேர் கொண்ட முதல் குழுவில் துறவிகளும் பெண் துறவிகளும் நிறைய. முன்னால் தலாய் லாமா படம், கூடவே காந்தி படம். 1930 மார்ச்சில் சபர்மதியிலிருந்து தண்டிக்கு 78 பேருடன் கிளம்பிய நடையை மனத்தில் வைத்தே இதைக் கட்டினார்கள். அதை மறைக்கவும் இல்லை.

தர்மசாலாவின் மேல் பகுதியான மெக்லியோட்கஞ்சில் ஒரு மார்ச் 10 அன்று நான் இருந்திருக்கிறேன். 2008 அல்ல, பிந்தைய ஆண்டு ஒன்றில். காலையில் பெரிய கோயில் முற்றத்தில் கூட்டம். திபெத்தியர் கடைகள் அடைப்பு. திபெத்தின் பனிச்சிங்கக் கொடியை முதுகில் போர்த்திய பையன்கள், ஒரு கையில் பிரார்த்தனைச் சக்கரமும் மறு கையில் ஊன்றுகோலுமாகக் கிழவிகள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் மலைச் சரிவில் கீழே நடக்கிறார்கள். கீழ் தர்மசாலாவில் ஊர்வலம் முடியும் இடத்துக்குக் கச்சேரி என்று பெயர். நம் ஊரிலும் ஒரு காலத்தில் தாலுகா கச்சேரி என்றோமே, அதே சொல்தான். பாட்டுக் கச்சேரி என்று நினைத்து ஒரு கணம் குழம்பினேன். வழக்கமாக ஊர்வலம் அங்கே முடிந்து எல்லோரும் பஸ் பிடித்து மேலே திரும்பிவிடுவார்கள். 2008-ல் அந்த நூறு பேர் திரும்பவில்லை; மேற்கொண்டு நடந்தார்கள். வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அரசின் கணக்கில் அதுதான் எல்லாம்.

காங்க்ரா மாவட்டக் காவல்துறை முன்பே எழுத்துப்பூர்வமாகத் தடை விதித்திருந்தது: மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. மாவட்டத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் நடந்துகொள்ளுங்கள் என்பது அதன் உட்பொருள். மார்ச் 13 அன்று தெஹ்ரா அருகே, எல்லையைத் தொடுவதற்குள், வழி மறித்தார்கள். நடந்தவர்கள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டார்கள். போலீசார் ஒவ்வொருவராகப் பிரித்து, கை காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினார்கள். இனி நடக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அமைதிக்குக் குந்தகம் என்ற முன்னெச்சரிக்கைப் பிரிவில் 14 நாள் காவல். வைத்திருந்த இடம் ஜ்வாலாமுகி, ஆண்டு முழுவதும் யாத்ரிகர் வந்து குவிகிற ஊர்.

சட்டத்தில் இவர்கள் யார் என்பதைக் கவனித்தால் அந்தத் தடையின் பலம் புரியும். இந்தியாவில் உள்ள திபெத்தியர் பெரும்பாலானோர் குடிமக்கள் அல்லர். இந்தியச் சட்டத்தில் 'அகதி' என்று தனியாக ஒரு வகையும் இல்லை. அவர்கள் வெளிநாட்டவர். கையில் இருப்பது பதிவுச் சான்றிதழ் எனப்படும் சிறு புத்தகம். அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும் என்ற தளர்வு 2008-க்குப் பிறகுதான் வந்தது. எல்லையோரப் பகுதிகளுக்குப் போகத் தனி அனுமதி வேண்டும். நம்மில் ஒருவர் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு நடந்தால் வழியில் மாலை போடுவார்கள். அவர்கள் மாவட்டம் தாண்டி நடப்பதற்கே, அரசு நினைத்தால், கையெழுத்துக் கேட்கலாம்.

இதில் இந்தியாவைத் திட்டுவதற்கும் எனக்கு மனம் வரவில்லை. இடம் கொடுத்தது இந்தியா. குடியிருப்புகளும் பள்ளிகளும் கொடுத்தது. 2009-ல் திபெத்தியர் தாங்களே எடுத்த கணக்கில் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 94,000 பேர். ஆனால் சீனாவோடு செய்த 1954 பஞ்சசீல ஒப்பந்தத்திலேயே 'சீனாவின் திபெத் பிரதேசம்' என்ற தொடருக்கு இந்தியா கையெழுத்துப் போட்டுவிட்டது. 2003-ல் வாஜ்பாயி பெய்ஜிங் சென்றபோது அதை இன்னும் அழுத்தமாக ஒப்புக்கொண்டது. இந்திய மண்ணிலிருந்து சீன எதிர்ப்பு அரசியல் நடத்தக் கூடாது என்பது விருந்தாளிக்கு விதித்த நிபந்தனை. ஊர்வலம் போகலாம், உண்ணாவிரதம் இருக்கலாம், கோஷம் போடலாம். எல்லைக் கோட்டை மட்டும் காலால் தொடக் கூடாது. தொட்டால் அது டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் இடையிலான விவகாரம் ஆகிவிடும்.

விளம்பர நடை என்றேனே, அதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. தலாய் லாமாவின் மூத்த அண்ணன் துப்டென் ஜிக்மே நோர்பு, தக்சேர் ரின்போச்சே என்று அழைக்கப்பட்டவர். கும்பும் என்ற புத்த மடத்தின் தலைவராக இருந்தார். சீனர்களோடு நேரடி அனுபவம் பெற்று 1950-லேயே திபெத்தை விட்டு வெளியேறியவர். பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்தில் திபெத்தியப் பேராசிரியர். 1995-ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, சர்வதேசத் திபெத் சுதந்திர இயக்கம் என்ற அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவராகி, தெருவில் இறங்கினார். அந்த ஆண்டு ப்ளூமிங்டனிலிருந்து இண்டியானாபொலிஸ் வரை 80 மைல். 1996-ல் வாஷிங்டனிலிருந்து நியூயார்க் வரை ஏறத்தாழ 300 மைல். 1997-ல் கனடாவின் டொரன்டோவிலிருந்து நியூயார்க் வரை ஏறத்தாழ 600 மைல். முடிவிடம் ஐக்கிய நாடுகள் தலைமையகம்.

அந்த நடைகளில் யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்த நாட்டில் சாலையோரமாக நடப்பது குற்றம் அல்ல. பகலில் நடை, இரவில் எங்கேனும் ஒரு தேவாலயக் கூடத்திலோ ஆதரவாளர் வீட்டிலோ தூக்கம், வழியில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து இரண்டு கேள்வி கேட்பார், மறுநாள் உள்பக்கத்தில் ஒரு படம். காலில் கொப்புளம் வந்தது நிஜம், உழைப்பு நிஜம். ஆனால் பெய்ஜிங்குக்கு அது ஒரு கொசுக்கடி. எவரும் தடுக்காத நடையை எவரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை என்ற கசப்பு அந்த நடைகளைப் பற்றி எழுதியவர்களிடமே தென்படும்.

பெரியவர் துப்டென் நோர்பு 2008 செப்டம்பரில் காலமானார். மகன் ஜிக்மே நோர்பு அந்த வேலையைக் கையில் எடுத்தார். 2009-ல் இண்டியானாவிலிருந்து நியூயார்க் வரை 900 மைல் நடந்தார். 2011 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவில், செயின்ட் அகஸ்டினிலிருந்து வெஸ்ட் பாம் பீச் நோக்கிய 300 மைல் நடையில், கடலோரச் சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி இருட்டு கவிந்த நேரத்தில் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த கார் மோதிக் கொன்றது. வயது 45. சாலை விபத்துதான், சதி எதுவும் இல்லை. காருக்காகவே போட்ட சாலையில் இருட்டிய பிறகு ஒரு மனிதன் காலால் போகிறான் என்பதே அங்கே ஆபத்து.

அப்பா, மகன் இருவர் பெயரோடும் ஒரு சொல்லைச் சொல்லியாக வேண்டும்: ரங்சென். முழுச் சுதந்திரம் என்று பொருள். தம்பி தலாய் லாமா கேட்பது அதுவல்ல. அவருடையது உமேலம், நடு வழி: சீனாவுக்குள்ளேயே உண்மையான தன்னாட்சி போதும் என்பது. 1988-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் அதை வெளிப்படையாக அறிவித்தார். அண்ணன் அதை ஏற்கவில்லை; தம்பி மேல் பக்தி குறையாமலே, அவர் கைவிட்ட கோரிக்கைக்காகவே நடந்தார். ஒரே வீட்டுக்குள் ஓடும் இந்த விரிசல் இந்த விவகாரத்தின் மிகச் சிக்கலான இடம் என்பது என் எண்ணம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் 'திபெத்தியர் கேட்பது' என்று ஒருமையில் பேசிவிடுகிறார்கள்.

2008 நடையும் இதே விரிசலில்தான் மாட்டிக்கொண்டது. தலாய் லாமாவின் தூதர்கள் 2002 முதல் பெய்ஜிங்கோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நடை தொடங்கிய சில நாளில் அவர் ஏற்பாட்டாளர்களை அழைத்து, எல்லைக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சீன வீரர்களோடு மோதல் நேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவர் கவலை. அது வெறும் கற்பனைக் கவலை அல்ல. 2006 செப்டம்பர் 30 அன்று நாங்பா கணவாயில் நேபாளத்தை நோக்கிப் பனியில் வரிசையாக நடந்துகொண்டிருந்தவர்கள் மேல் சீன எல்லைக் காவலர் சுட்டதில் 17 வயதுப் பெண் துறவி கெல்சங் நம்ட்சோ இறந்துபோனார். மலையேற வந்திருந்த வெளிநாட்டினர் அதைப் படம் பிடித்திருந்ததால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

தலாய் லாமா வேண்டாம் என்கிறார். முன்னால் தூக்கிக்கொண்டு நடப்பதோ அவர் படத்தைத்தான். என்ன செய்வது? தொடர்ந்து நடந்தார்கள். முதல் குழு கைதான இரண்டாம் நாள், மார்ச் 15 அன்று, 44 பேர் அதே தெஹ்ராவிலிருந்து, விட்ட இடத்திலிருந்தே கிளம்பியிருந்தார்கள். இடையில் மார்ச் 14 அன்று லாசா பற்றி எரிந்திருந்தது. அங்கேயும் தொடக்கம் ஒரு நடைதான். தர்மசாலாவில் நூறு பேர் கிளம்பிய அதே மார்ச் 10 அன்று, லாசாவுக்கு மேற்கே உள்ள டிரேபுங் மடத்திலிருந்து நூற்றுக்கணக்கான துறவிகள் நகரத்தை நோக்கி நடந்தார்கள், வழியிலேயே தடுக்கப்பட்டார்கள். ஒரே நாளில் இமயத்தின் இரு பக்கமும் இரண்டு நடை, இரண்டையும் தடுத்தது அந்தந்த அரசு. அடுத்தடுத்த நாட்களில் லாசாவில் கல்வீச்சு, தீவைப்பு, சாவு, துப்பாக்கி, ஊரடங்கு. செய்தித்தாள்களில் லாசா முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது; நடைபயணம் உள்ளே நழுவியது.

இரண்டாவது குழு பஞ்சாப், ஹரியானா சமவெளியில் நடந்து டெல்லி வந்தது. முதல் குழுவில் விடுதலையானவர்களும் வந்து சேர, எண்ணிக்கை முந்நூறு அளவுக்குப் பெருகியது. ஏப்ரல் 17 அன்று டெல்லியில் ஒலிம்பிக் ஜோதி ஓட்டம் நடந்தது. அதைத் திபெத்தியர் நெருங்கிவிடக் கூடாது என்று பாதையைச் சுமார் இரண்டரைக் கிலோமீட்டராகச் சுருக்கி, ராஜபாதையையே போலீஸ் கோட்டையாக்கினார்கள். கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியா ஜோதியைத் தொட மாட்டேன் என்று ஒதுங்கினார்.

அதன் பிறகு மலை. இந்த மாதிரி நடையில் வீரத்தைவிடச் சோறுதான் பெரிய வேலை. முன்கூட்டியே ஓர் அணி போய் இடம் பார்க்கும். பாத்திரமும் படுக்கையும் வண்டியில் போகும். மாலையில் போய்ச் சேர்ந்ததும் முந்நூறு வயிற்றுக்குப் பருப்பும் சோறும் வேக வேண்டும். இடம் தரும் பள்ளிக்கூடத்துக்கோ சத்திரத்துக்கோ காவல் நிலையத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போனால் போதும், அன்றிரவு எல்லோருக்கும் வெட்டவெளிதான். நடையை நிறுத்தத் தடி தேவையில்லை என்று எல்லா அரசுக்கும் தெரியும்.

ஜூன் தொடக்கத்தில் பித்தோராகட் மாவட்டத்தில் பான்ஸ்பட்டான் அருகே மறித்தார்கள். நேபாளத்தையும் திபெத்தையும் ஒருங்கே தொடும் மாவட்டம் அது. அங்கிருந்துதான் கைலாய யாத்திரைக்காரர் லிபுலேக் கணவாய் ஏறுவார்கள். முதலில் தலைவர்களைக் கைது செய்தார்கள். மற்றவர்கள் கலையாமல் அங்கேயே முகாம் போட்டுக் காத்திருந்தார்கள். மாதத்தின் நடுவில் அவர்களையும் பஸ்களில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஆகஸ்ட் 8 அன்று பெய்ஜிங்கில் வாணவேடிக்கை வெடித்தபோது திபெத் எல்லையில் நடைபயணம் என்று எதுவும் இல்லை.

சுதந்திரம் கிடைத்ததா என்றால், இல்லை. நிலைமை இறுகியது. தூதர்களின் பேச்சு 2010 ஜனவரிச் சுற்றோடு நின்றுபோனது. 2009 முதல் திபெத்துக்குள் 150-க்கும் மேற்பட்டோர் தீக்குளித்திருக்கிறார்கள். 2008-க்கு முன் ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் மலை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள்; 2008-க்குப் பின் எல்லையை இறுக்கியதில் அந்த எண்ணிக்கை சரிந்து, சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. இவையெல்லாம் அந்த நடையின் விளைவு என்று எவரும் சொல்ல முடியாது. அந்த நடை இவற்றைத் தடுத்தது என்றும் சொல்ல முடியாது.

ஆனால் "சேர முடியாது என்று தெரிந்தே கிளம்பினார்களா?" என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இல்லை என்பதுதான். காலால் போய்ச் சேர்ந்த ஒருவர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார். கவிஞர் டென்சின் சுண்டு. மணாலியில் சாலை போடும் கூலிகளாக இருந்த திபெத்திய அகதிகளின் மகன். சென்னை லயோலா கல்லூரியில் பட்டம் படித்தவர். நெற்றியில் சிவப்புத் துணி கட்டியிருப்பவரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். படிப்பு முடிந்த பிறகு 1997-ல், எந்த அமைப்பும் துணையும் இல்லாமல், லடாக் வழியாகத் தனியாக நடந்து திபெத்துக்குள் போய்விட்டார். பிடித்து லாசா சிறையில் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். பிறகு, நீ இந்த நாட்டவன் இல்லை என்று இந்தியாவுக்குள் திருப்பித் தள்ளிவிட்டார்கள். பதினோரு ஆண்டு கழித்து, கையில் அதே பதிவுச் சான்றிதழோடு, நூறு பேரோடு சேர்ந்து மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.